கடலிலேயே கழியும் நாள் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

பினாங்கு பாயான் லெப்பாசிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது, அப்பாவுக்கு 72. சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுப் பயணத்துக்கு அவர்களைக் கூட்டிப்போக நினைக்கிறார். நான்காம் நாள் முழுக்கக் கடலில்தான், எங்கேயும் நிற்காது. "அன்றைக்கு என்ன செய்வது? அம்மா சைவம், முட்டிவலி வேறு. அப்பாவோ, சுற்றிலும் தண்ணீர், நடுவில் பூட்டிவைத்த மாதிரி, இதற்கா இவ்வளவு காசு என்கிறார். அந்த நாள் வீண்தான் என்றால் பேசாமல் விமானத்தில் வேறு எங்காவது போய்விடலாமா?" இதுதான் கேள்வி.

கூட்டிப்போங்கள் தம்பி. அந்த நான்காம் நாளுக்காகவே கூட்டிப்போங்கள்.

நான் 2004 முதல் 2015 வரை பயணிகள் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தவன். உதவி வெயிட்டராக ஏறினேன், ஹெட் வெயிட்டராக இறங்கினேன். இப்போது பிறை என்ற ஊரில் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகு என் அம்மாவை இரண்டு முறை கூட்டிப்போனேன். இந்தப் பதினொரு வருடத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. துறைமுக நாட்களில் வயதானவர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். பஸ், வரிசை, வெயில், கழிப்பறை எங்கே என்ற கவலை, "சீக்கிரம் வாங்கம்மா" என்ற அவசரம். கடல் நாளில்தான் அவர்கள் முகம் தளரும். யாரும் யாரையும் அவசரப்படுத்த வழியில்லாத ஒரே நாள் அது. போகவேண்டிய இடத்துக்குக் கப்பலே போய்க்கொண்டிருக்கிறது, அவர்கள் உட்கார்ந்தால் போதும்.

முதலில் அந்த நாள் ஏன் வருகிறது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 600 கடல் மைல். கப்பல் நினைத்தால் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேலும் ஓடும். ஆனால் வேகம் கூடினால் எண்ணெய்ச் செலவு பல மடங்கு ஏறும். அதனால் நிதானமாக இரண்டு இரவும் ஒரு பகலும் எடுத்துக்கொண்டு வரும். அந்தப் பகல்தான் உங்கள் நான்காம் நாள். கரையே தெரியாத பெருங்கடலும் இல்லை அது. மலாக்கா நீரிணை, நம் வீட்டு வாசல். காலையில் நீங்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போது கப்பல் கிட்டத்தட்ட பினாங்குக்கு நேரே வெளிக்கடலில் போய்க்கொண்டிருக்கும். பொழுது சாயும்போது கிள்ளான் பக்கம் வந்திருக்கும்.

காலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த நாளின் பொன்னான நேரம் அதுதான். அம்மா வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவராகத்தான் இருப்பார். கப்பலிலும் எழுந்துவிடுவார். "தூங்குங்கம்மா" என்று படுக்க வைக்காதீர்கள். ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ போர்த்தி, திறந்த தளத்துக்கு அழைத்துப்போங்கள். நம்மூரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும். ஆறரைக்கெல்லாம் போய்விட்டால் இருட்டிலிருந்து சாம்பல் நிறம், அதிலிருந்து செம்மை என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். கப்பல் தென்கிழக்காகப் போகிறது. அதனால் சூரியன் முன்பக்கம் இடது கையில் எழும், பின்பக்கம் வலது கையில் விழும். காலையில் இடது பக்கம், மாலையில் கப்பலின் பின்முனை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் தளம் தளமாக அலையவேண்டாம். அந்த நேரத்தில் தளத்தில் தரை கழுவும் ஆட்களும், உங்கள் அம்மாவைப் போல நாலைந்து பேரும்தான் இருப்பார்கள். சீனப் பாட்டிகள் கை வீசி நடப்பார்கள், ஒரு வார்த்தை பேசாமலே சிநேகம் ஆகிவிடுவார்கள்.

கீழே தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பலின் முன்பக்க அலையிலிருந்து சிலநேரம் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னதாக ஏதோ தெறித்துப் பறக்கும். பறவை என்று நினைப்போம், பறவைக்கோலா மீன் அது. நாகப்பட்டினம் பக்கம் வேர் உள்ளவர்கள் கோலா என்றதும் தெரிந்துகொள்வார்கள். எப்போதும் வராது. வரும் நாளில், நான் பல வருடம் பார்த்தவன், எனக்கே நெஞ்சு துள்ளும்.

இன்னொன்று மழை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்த நீரிணையில் விடியற்காலையில் திடீரென்று ஒரு கருப்புக் கோடு மேற்கே எழும்பி வரும். சுமத்ரா என்றே அதற்குப் பெயர். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து இடியும் காற்றுமாக வரிசை கட்டி வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துபோய்விடும். கரையில் இருக்கும்போது அதைப் புயல்காற்று என்று மட்டும் அறிவோம். கடலில் அது வருவதையே முழுதாகப் பார்க்கலாம். முதலில் தண்ணீரின் நிறம் மாறும், பிறகு காற்று குளிரும், அப்புறம் மழை ஒரு திரை போல நடந்து வரும். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே வந்து கண்ணாடிக்குப் பின்னால் சூடாக ஒரு கோப்பியோடு உட்கார்ந்து பாருங்கள். என் அம்மா இரண்டாவது பயணத்தில் அதிகம் பேசியது இந்த மழையைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு வேறு வேலை கொடுங்கள். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணை வழியாகப் போகின்றன. ஒற்றையடிப் பாதையில் மாட்டு வண்டிகள் போல அவரவர் விருப்பத்துக்குப் போக முடியாது. கிள்ளானுக்கு அப்பால் இருக்கும் 'ஒன் ஃபாதம் பேங்க்' என்ற மணல் திட்டிலிருந்து சிங்கப்பூர் தாண்டும் வரை, நெடுஞ்சாலையில் கோடு போட்ட மாதிரி போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம். கடலில் எல்லாரும் வலது பக்கம்தான். அதனால் சிங்கப்பூர் நோக்கிப் போகும் உங்கள் கப்பல் சுமத்ராப் பக்கத் தடத்தில் போகும், எதிரே வருபவை உங்கள் இடது கைப்பக்கம், மலேசியக் கரையோரமாக வரும். மாலை நான்கு மணிக்கு மேல் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எண்ணெய்க் கப்பல், கொள்கலன் கப்பல், இழுவைப் படகு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து வந்தால் சரக்கோடு வருகிறது, அடிவயிற்றின் சிவப்புப் பூச்சு உயரமாகத் தெரிந்தால் காலியாக வருகிறது. கைப்பேசியில் கப்பல் இருக்குமிடம் காட்டும் செயலியை முன்கூட்டியே இறக்கி, இணையம் வாங்கியிருந்தால், எது எங்கிருந்து எங்கே போகிறது என்றும் பார்க்கலாம். பூட்டிவைத்த மாதிரி என்று சொல்பவர்தான் முதலில் நாற்காலியை விட்டு எழமாட்டார். வேலைக் காலத்தில் இப்படி எத்தனையோ அப்பாக்களுக்கு நானே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

சரி, கூட்டம். கடல் நாளின் குறை இது ஒன்றுதான், அதை மறைக்கமாட்டேன். துறைமுகத்தில் நிற்கும்போது பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். கடல் நாளில் எல்லாரும் கப்பலில்தான். ஜென்டிங் டிரீம் மாதிரி கப்பல் 335 மீட்டர் நீளம், அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே சுமார் 3,350 பயணிகள், ஊழியர்கள் தனி. அத்தனை பேருக்கும் ஒன்பது மணிக்குப் பசிக்கும். அதனால் கூட்டம் எழும்புவதற்கு முன்பே, ஏழு, ஏழரைக்குள் பசியாறிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு புஃபே வேண்டாம். பரிமாறும் சாப்பாட்டுக் கூடம் திறந்திருந்தால் அங்கே போங்கள். அதே கட்டணத்தில் அடங்கியதுதான், தட்டை ஏந்திக்கொண்டு மேசை தேட வேண்டியதில்லை. முட்டிவலிக்காரருக்கு இது பெரிய உபகாரம். நிகழ்ச்சிகள் முடியும் நேரத்தில் லிஃப்ட் நிரம்பி வழியும். பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள், அல்லது எல்லாரும் போகட்டும் என்று உட்கார்ந்திருங்கள்.

உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது, அதை யாரும் சொல்லமாட்டார்கள். கப்பல் பினாங்கில் நிற்கும் நாளில் மற்றவர்கள் எல்லாம் கொடிமலைக்கும் கெக் லோக் சி கோயிலுக்கும் ஓடுவார்கள். நீங்கள் பினாங்குக்காரர்கள், உங்களுக்கு என்ன புதிது? இறங்காமல் இருந்துவிடலாம். காலியான கப்பல் கிடைக்கும். நீச்சல் குளத்தில் நாலு பேர், சுடுநீர்த் தொட்டி காலி, லிஃப்ட் கூப்பிட்டதும் வரும். அம்மாவின் முட்டிக்கு அந்தச் சுடுநீர் இதமாக இருக்கும், டாக்டர் அனுமதித்தால். மாலையில் கப்பல் வடக்குக் கால்வாய் வழியாக வெளியேறி முக்கா ஹெட் முனையைச் சுற்றிக்கொண்டு போகும்போது மேல்தளத்தில் நில்லுங்கள். பிறந்து வளர்ந்த ஊரைக் கடலிலிருந்து முழுசாகப் பார்ப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஃபெர்ரியிலிருந்து பார்ப்பது வேறு, இது வேறு.

இனிச் சாப்பாடு. இது என் தொழில், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. அதனால் இந்தியச் சைவம் கட்டாயம் இருக்கும், பல கப்பல்களில் ஜைனச் சமையலும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வட இந்தியச் சமையல். பன்னீர், தால், ரொட்டி, ஜீரகச் சோறு. இரண்டு வேளை நன்றாக இருக்கும், மூன்றாம் வேளை அம்மா தட்டைத் தள்ளிவைப்பார். இட்லியும் ரசமும் மெனுவில் இல்லாவிட்டால் கிடைக்காது என்று நினைத்து நம் ஆட்கள் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கேட்கவேண்டும், கேட்கும் முறையும் இருக்கிறது. முன்பதிவின்போதே சைவம் என்று குறிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வெயிட்டரிடம் சொல்லாமல் ஹெட் வெயிட்டரைக் கூப்பிடுங்கள். முட்டை, மீன் சாறு, மாட்டிறைச்சிச் சாறு எதுவும் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல் போதாது. சீன, தாய்ச் சமையல்காரர்களுக்கு மீன் சாறு ஒரு மசாலா மாதிரி. பிறகு, நாளைக்கு இரவுக்குச் சாம்பார் முடியுமா என்று கேளுங்கள். இன்றைக்கு இன்றைக்கே கேட்டால் முடியாது. சமையற்கூடம் ஒரு நாள் முன்னால் கணக்குப் போட்டு, கீழ்த்தளக் கிடங்கிலிருந்து சாமான் எடுக்கும். முதல் நாள் சொல்லிவைத்தால் மறுநாள் செய்வார்கள். அடுப்படியில் ஒரு தமிழரோ தெலுங்கரோ இருந்துவிட்டால் முகம் மலர்ந்து செய்வார். எங்கள் கப்பலில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். ஒரு பாட்டி ரசம் கேட்டார் என்று சீட்டு அனுப்பினேன். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அவரே மேசைக்கு ஏந்தி வந்துவிட்டார். அப்படி வெளியே வர அவருக்கு அனுமதி இல்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஊறுகாயும் பொடியும் கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள். வீட்டில் சமைத்த சாப்பாடு, பழம், தயிர்ச்சோற்றுப் பொட்டலம் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். தண்ணீர் பற்றி அம்மா கேட்பார். கப்பல்கள் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நன்னீர் தயாரிக்கின்றன. இயந்திரச் சூட்டால் ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை, நுண்ணிய சவ்வு வழியாக அழுத்திப் பிழிவது இன்னொன்று. தாராளமாகக் குடிக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சூடாக்கும் கம்பிச் சுருள் எதையும் எடுத்துப்போகக் கூடாது. சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, அகல் விளக்கு எதற்கும் அறையில் இடமில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்கமாட்டேன் என்று பல அம்மாக்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கடலில் கப்பல்காரன் உண்மையாகப் பயப்படுவது அலைக்கு இல்லை, தீக்குத்தான். அப்பாவின் வயதுக்காரர்களுக்கு எம்.வி. சிதம்பரம் நினைவிருக்கும். பினாங்குக்கும் சென்னைக்கும் ஓடிய அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அத்தோடு அந்தப் பயணிகள் சேவையே நின்றுபோனது. இதைச் சொன்னால் அம்மா புரிந்துகொள்வார். மனசு கேட்காவிட்டால், பினாங்கில் நிற்கும் நாளில் அரைமணி நேரம் இறங்குங்கள். சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம்தான், 1833-இல் கட்டிய கோயில். அங்கே ஒரு விளக்கேற்றிவிட்டு ஏறிவிடலாம்.

வாந்தி, தலைச்சுற்றல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா மனதில் அதுதான் இருக்கும். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா. பெருங்கடல் அலை நேராக உள்ளே வர வழியில்லை, பெரும்பாலும் குளம் மாதிரித்தான் இருக்கும். புக்கெட் பக்கம் அந்தமான் கடல் திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை அங்கே ஓர் இரவு ஆட்டம் தெரியலாம். பெரிய கப்பல்களுக்கு வயிற்றின் இரு பக்கமும் மீன் துடுப்பு போல இரண்டு இறக்கைகள் உண்டு, தேவைப்படும்போது நீட்டுவார்கள், பக்கவாட்டு ஆட்டம் அடங்கிவிடும். முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடுவதை அது நிறுத்தாது. அதனால்தான் அறை வாங்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள் என்கிறேன். உயரத்தில் முன்முனையில் இருக்கும் அறை விலை கூடுதல், ஆட்டமும் கூடுதல். தலை சுற்றினால் அறையில் போய்ப் படுக்கவைக்காதீர்கள். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது, அசையாத சுவரைப் பார்த்துக் கண் இல்லை என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். வெளியே கொண்டுபோய்த் தொடுவானத்தைப் பார்க்க வையுங்கள். இஞ்சி மிட்டாய் உதவும். மாத்திரை என்றால் முன்கூட்டியே போடவேண்டும், வந்த பிறகு போட்டால் பாதிதான் பலன். அப்பாவுக்குக் கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவேண்டாம்.

கப்பலில் டாக்டரும் நர்சும் மருந்தகமும் உண்டு. ஆனால் கட்டணம் கரையைவிட நிறைய, அறைக் கணக்கில் ஏறிவிடும். கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி இல்லாமல் இந்த வயதில் ஏறாதீர்கள்.

முதல் நாள் ஏறியதும் ஓர் ஒத்திகை இருக்கும். ஏழு குட்டிச் சங்கும் ஒரு நெட்டைச் சங்கும் ஊதினால் எங்கே கூடவேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பல நூறு பேருக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன்பிறகு 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ ஒத்திகை நடத்தவேண்டும் என்று உலக விதியே மாறியது. "வயசானவங்க, விடுங்க" என்று அம்மாவை அறையில் உட்கார வைக்காதீர்கள். கூடும் இடம் வரை அவர் கால் நடக்கட்டும், படி எத்தனை என்று தெரிந்துகொள்ளட்டும். நடப்பது சிரமம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், ஆபத்தில் உதவவேண்டியவர்கள் பட்டியலில் எழுதிக்கொள்வார்கள்.

பகல் நிகழ்ச்சிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவே மறுநாள் நிகழ்ச்சிநிரல் அறைக்கோ செயலிக்கோ வந்துவிடும். காய்கறி செதுக்கல், நடனப் பாடம், பிங்கோ, பாட்டு, மந்திர வித்தை, இரவு அரங்கில் பெரிய ஆட்டம். சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் கடல் நாளில்தான் முழுநேரம் திறந்திருக்கும், துறைமுகத்தில் அவற்றை மூடவேண்டும். அதில் முதலாவதை விட்டுத் தள்ளுங்கள். சமையற்கூடத்தைச் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சி இருந்தால் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் அடுப்படியைப் பார்த்து வாய் திறந்து நிற்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. மற்றபடி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவு போதும். நிகழ்ச்சிநிரலில் உள்ள எல்லாவற்றுக்கும் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடினால் கடல் நாளும் துறைமுக நாளாகிவிடும். நான் பார்த்த குடும்பங்கள் செய்த பெரிய தவறு அதுதான், அன்பினால் செய்த தவறு.

மதியம் இரண்டு மணிக்கு மேல் வெளியே தளம் கொதிக்கும், உள்ளே ஏர்கோன் குளிரும். அது தூங்கும் நேரம். தூங்கட்டும்.

ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஓய்வு நாள் அவர்களுக்குக் கடினமான நாள். கடலோடிகளுக்கான உலக உடன்பாட்டின்படி ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கொடுக்கவேண்டும், வாரத்துக்கு 77 மணி நேரம். அந்த எல்லையை ஒட்டியே பல மாதம் விடுமுறை நாள் இல்லாமல் ஓடும் வேலை இது. மார்பில் மாட்டியிருக்கும் பெயர் அட்டையில் நாட்டின் பெயரும் இருக்கும். இந்தியா என்று பார்த்தால் அம்மாவைத் தமிழில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு அம்மா கேட்டால் அந்தப் பையனுக்கு அன்றைக்குப் பாதிக் களைப்பு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

அப்படித்தான் ஒரு பாட்டியைத் தெரிந்துகொண்டேன். சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருந்தார்கள். அவர் கப்பலின் பின்முனையில், தண்ணீரில் வெள்ளையாக நீண்டு கிடக்கும் தடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். "இதே தண்ணிதான்ப்பா, எட்டு வயசுல இதுல வந்தேன்" என்றார். ராஜூலா கப்பல். கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-இல் ஓடத் தொடங்கி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 8,500 டன்கூட இல்லாத அந்தக் கப்பலுக்கு ஒரு காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. இன்றைக்கு 1,50,000 டன் ஜென்டிங் டிரீமில் ஏறுவதைவிட அதிகம். படுக்கை என்று ஒன்று கிடையாது, பாய் விரித்த இடம்தான். பாட்டிக்கு அந்தப் பயணத்தில் நினைவிருந்தவை, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கியதும், இயந்திர வாடையும், பினாங்கு வந்தபோது இறக்கிவிடாமல் முதலில் ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் அடைத்ததும். அந்தத் தீவில்தான் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. "அப்போ கடலைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துல ஒண்ணும் தெரியல. இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். பேரப்பிள்ளைகள் வந்து கூப்பிட்டபோதும் எழவில்லை. நான் இரண்டாவது தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

நம் வீடுகளில் இப்படி ஒரு கடல் கதை இல்லாத வீடு குறைவு. உங்கள் அம்மா அப்பாவுக்கு அவர்களுடைய பெற்றோரின் கதை தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்ல நேரம் வந்திருக்காது. நான்காம் நாள் மாலை அந்தப் பின்முனையில் நாற்காலி போட்டு, எப்படி வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மிச்சச் சில்லறை விஷயங்கள். ஏறியதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்து, வீடு வந்ததும் பெரிய பில் வரும். புக்கெட் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் நேரம் மாறுமா மாறாதா என்று அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மாவின் கைக்கடிகாரம் கப்பல் நேரத்தில் இருக்கட்டும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் கரைக்கு அனுப்பும். அலை இருந்தால் அந்தப் படகில் காலை வைப்பது முட்டிவலிக்காரருக்குக் கஷ்டம், அன்றைக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் கணக்கில் ஏறும். டிக்கெட் விலையில் அது சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கூட வாசலில் கை கழுவாமல் யாரும் உள்ளே போகவேண்டாம். வயிற்றுப்போக்கு கப்பலில் பரவினால் வேகமாகப் பரவும்.

கடல் நாள் இரவு, பெரிய பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் இன்சுலினையும் கடப்பிதழையும் அதிலேயே வைத்து அனுப்பிவிட்டார். நள்ளிரவில் நாங்கள் நான்கு பேர் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அவருடைய பச்சைப் பெட்டியைத் தேடினோம். மருந்து, கடப்பிதழ், மாற்றுச் சேலை ஒன்று, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, இவை நான்கும் கைப்பையில் இருக்கட்டும்.